டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது?

எங்கள் குடியிருப்பில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நாளைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும்தான் அவரிடமிருந்து நேரான பதில் வரும். நாளைக்கு மழை வருமா, தண்ணி லாரி வருமா, கரண்ட் போகுமா என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, "சொல்ல முடியாதுங்க" என்பார். அதை ஒரு தினுசான திருப்தியோடு சொல்வார். கடையில் கேட்ட பொருளைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்ட மாதிரி.

அவர் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் இப்போது அவர் இருக்கிற நாவலூரிலிருந்து போன் வரும். "என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்கீங்களாமே?" என்பார். பிடித்திருந்ததா என்று நான் கேட்பேன். அதற்கும் "சொல்ல முடியாது" என்று பதில் வரும். அந்த வம்பு எனக்கு எதற்கு?

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இரும்புலியூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று வண்டியில் சுற்றி, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையின் காலேஜ் படிப்பு வரைக்கும் பேசிப் பாலிசி போட வைக்கிறவள். வருங்காலம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவளுக்கு எதிர் ஃபிளாட்டில் இப்படி ஒரு ஆள். குடிவந்த புதிதில் அவரிடமும் பாலிசி பேசப் போனேன். எல்லாரிடமும் ஆரம்பிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன்.

"மனுஷனுக்கு எப்ப என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது டாக்டர்..."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட்! இதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். உக்காருங்க, காபி போடறேன்" என்றார். காபி வந்தது. முறுக்கு வந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன முதல் வாக்கியத்தை அவ்வளவு ரசித்த வாடிக்கையாளர் கிடையாது. கடைசியில் படிவத்தை எடுத்தபோது, "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே எடுத்துட்டேங்க" என்று அலமாரியைத் திறந்து காட்டினார். தேவைக்கு மேலேயே எடுத்து வைத்திருந்தார். காபிதான் மிச்சம்.

அவருடைய வீட்டுக்காரர் காலேஜில் கணக்கு வாத்தியார். பாவம், சாது. சாயங்காலம் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிற சம்பாஷணை இப்படி இருக்கும்:

"ராத்திரிக்கு என்ன டிபன்?"

"மாவு இருக்கு."

"அப்போ தோசையா?"

"மாவு இருக்குன்னுதான் சொன்னேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டரம்மாவின் உத்தியோகமே முன்கூட்டிச் சொல்வதுதான். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை. லிம்போமா என்று ஒரு புற்றுநோய், கழுத்திலும் அக்குளிலும் இருக்கிற நெறிக்கட்டிகளில் வருவது. அந்தக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்லில் தேடுகிற புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாக மாறும். எந்தப் புரதம் இருந்தவர்கள் சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருக்கிறார்கள், எது இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதையெல்லாம் அவர்தான் எனக்கு லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது சொன்னார். எங்கள் லிஃப்ட் வருவதற்குள் மருத்துவப் படிப்பே முடித்துவிடலாம்.

"அப்ப உங்க வேலை ஜோசியம்தானே டாக்டர்?" என்றேன்.

"இல்லீங்க. நூறு பேரை நிக்க வெச்சா, இந்தப் பக்கம் இருக்கறவங்கள்ல நிறைய பேர் நல்லா இருப்பாங்கன்னு சொல்லலாம். அதுல எந்த ஒருத்தர்னு கேட்டா வாய மூடிக்கணும்."

"எங்க தொழில்லயும் அதேதான் டாக்டர். ஆனா நாங்க வாய மூடறதில்ல."

அவர் சிரித்தார். லிஃப்ட் வரவில்லை. படியில் ஏறினோம்.

அவருடைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிச்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் இருக்கும் இடம் ஒரு காலத்தில் வயல். மனை போட்டு விற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள், தண்ணீருக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்க முழுகிப்போனது. கார்கள் மிதந்தன. என் மொபெட்டைச் சேற்றுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு எல்லாரும் இறங்கி வந்து அவரவர் வண்டியைப் பார்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா ஜி.எஸ்.டி. ரோடு பக்கமிருந்து தன் ஸ்கூட்டரில் ஜம்மென்று வந்து இறங்கினார். வண்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. முதல் நாள் சாயங்காலமே கொண்டுபோய் இரும்புலியூரில் மேடான இடத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் நிறுத்தியிருக்கிறார்.

வாட்ச்மேன்தான் முதலில் பாய்ந்தார். அவர் இந்தப் பக்கத்து ஆள், வயசானவர், யாருக்கும் பயப்பட மாட்டார். "இன்னா டாக்டரம்மா, தண்ணி வரும்னு தெர்ஞ்சிகினே கம்முனு இருந்துட்டியே! ஒரு வார்த்த சொல்லிருந்தா இத்தினி வண்டியும் தப்பிச்சிருக்கும்ல?"

"எனக்கும் தெரியாதுங்க. தெரியாததாலதான் நகர்த்தினேன்."

"இது இன்னாம்மா பேச்சு?"

"தெரிஞ்சிருந்தா எல்லார்கிட்டயும் சொல்லி வீட்டையே காலி பண்ணியிருப்பேனே."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் என் மொபெட்டைப் பார்த்தேன். இந்த அம்மாவிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் எங்கள் குடியிருப்பில் யாரும் டி.வி.யில் வானிலை பார்ப்பதில்லை. பால்கனியிலிருந்து எட்டி, டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கீழே நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். கேட்டுக்கு வெளியே சாய்தளத்தில் நின்றால் துணியை எடுத்து உள்ளே போட வேண்டும். இரும்புலியூருக்குப் போய்விட்டது என்றால் அவ்வளவுதான், பின்னாலேயே அத்தனை வண்டியும் கிளம்பும். அவர் வாய் சொல்லாததை வண்டி சொல்லும் என்று நம்பினோம். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

ஒரு தடவைதான் மானம் போனது. வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஸ்கூட்டரைக் காணோம். மூணாவது மாடி மாமி முதலில் கவனித்து வாட்ஸப்பில் போட்டார். ஆபீஸ் போயிருந்தவர்கள் அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தார்கள். கார்களெல்லாம் வரிசையாக மேட்டுக்குப் போயின. மாமி ஊறுகாய் ஜாடிகளைப் பரணில் ஏற்றினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, காலியாகக் கிடந்த பார்க்கிங்கைப் பார்த்து, "எங்க எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். வண்டி தாம்பரத்தில் சர்வீஸுக்குப் போயிருந்தது.

இந்தக் கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஒரு வருஷம் ஆடி மாசம், குளித்துவிட்டுத் தாலிச் சங்கிலியை எடுத்து வெளியே போடும்போது கழுத்தின் இடது பக்கம் ஏதோ உருண்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலிக்காததால் ஒன்றும் இருக்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டாக்டரம்மாவிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லதானே டாக்டர்?" என்றேன்.

"சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்பி இருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

வாய் ஒன்று சொல்கிறது, வண்டி ஒன்று செய்கிறது என்று எனக்குப் பகீரென்றது.

லிம்போமாதான். ரிப்போர்ட்டில் வரிசையாகப் புரதங்களின் பெயர்கள். எழுத்தும் எண்ணுமாக, பஸ் ரூட் நம்பர் மாதிரி. சிலதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி, சிலதற்குக் கழித்தல் குறி. டாக்டரம்மா என் கட்டியின் துணுக்கு இருக்கும் ஸ்லைடையே வாங்கித் தன் மைக்ராஸ்கோப்பிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"இந்த ரெண்டும் உங்களுக்குச் சாதகமா இருக்கு. இது ஒண்ணு கொஞ்சம் அதிகமா இருக்கு. செல் வேகமா பெருகுதுன்னு அர்த்தம்."

"வேகமா பெருகினா கெடுதல்தானே?"

"வேகமா பெருகறது மருந்துக்குச் சீக்கிரம் மாட்டும்னும் உண்டு. மாட்டாம போறதும் உண்டு."

"டாக்டர், நான் இருப்பேனா மாட்டேனா?"

கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். நான் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்ல முடியாதுங்க. இது நூறு பேரைப் பத்தின விஷயம். நீங்க ஒரு ஆள்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நீங்கள் எண்பது வயசு வரை ராஜாவாக இருப்பீர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

எனக்கு அந்த ஒரு வார்த்தை அவசரமாகத் தேவைப்பட்டது. என் மகன் கார்த்திக்குக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் நாவலூரில் ஒரே ஆபீஸ், அவர்களாகவே பார்த்துக்கொண்ட சம்பந்தம். வைகாசியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். என் விஷயம் தெரிந்ததும் நாத்தனார் மதுராந்தகத்திலிருந்து போன் செய்தாள். "அண்ணி, எதுக்கு வைகாசி வரைக்கும் இழுக்கணும்? தையிலயே முடிச்சிடலாம். நீங்க கண்ணால பாக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிள்ளை கல்யாணத்தை ஏன் முன்னால் தள்ளுகிறார்கள் என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் சித்திரையில் ஏதோ ஒரு பரீட்சை, ஒரு வருஷமாகப் படிக்கிறாள். தை என்றால் அவள் அதை விட வேண்டும். வைகாசி என்றால் நான் இருக்க வேண்டும்.

"தையா, வைகாசியா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"பொண்ணுக்கு எது சௌகரியம்?" என்றார்.

போதுமடா சாமி என்று எழுந்து வந்துவிட்டேன்.

வாய் திறக்காவிட்டால் போகட்டும், அடையாளத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று தீர்மானம் செய்தேன். அன்றிலிருந்து அவரை வேவு பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா, சிரித்தால் நீளமாகச் சிரிக்கிறாரா. ரசம் கொடுத்து அனுப்பினால் அதில் வழக்கத்தைவிட மிளகு கூடவா, குறைவா. ஸ்கூட்டர் பார்த்து மழை சொன்னவளுக்கு ரசம் பார்த்து ஆயுசு சொல்ல முடியாதா?

அப்போதுதான் அந்த ஏணி வந்தது.

எங்கள் வீட்டு அலுமினிய ஏணியை டாக்டரம்மா எந்தக் காலத்திலோ ஃபேன் துடைக்க வாங்கிக்கொண்டு போனார். எப்போது தருவீர்கள் என்று ஆரம்பத்தில் கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்காக அவர்கள் பால்கனியில்தான் நின்றது. எங்கள் வீட்டில் பல்பு மாட்ட வேண்டுமென்றால் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் என் ஏணியையே கடன் வாங்கி வருவேன். அப்படிப்பட்ட ஏணியை, ரிப்போர்ட் பார்த்த அந்த வாரத்திலேயே, வாட்ச்மேன் தோளில் சுமந்துவந்து வாசலில் சாய்த்தார்.

"டாக்டரம்மா குட்த்துட்டு வர சொல்ச்சுக்கா. தொடச்சி வேற கீது பாரு, பளபளன்னு."

அன்றைக்குச் சாதம் இறங்கவில்லை.

"ஏணிதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"இத்தனை வருஷமா தராதவங்க இப்ப ஏன் தரணும்? கணக்கைத் தீக்கறாங்க. செத்தவ பொருள் வீட்டுல இருக்க வேணாம்னு நினைக்கறாங்க."

"சே, அவங்க நல்லவங்க. அதான் திருப்பித் தந்திருக்காங்க."

"நல்லவங்கன்னா அப்பவே தந்திருக்கணும்!"

மறுநாள் லிஃப்டருகில் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், ஏணியை ஏன் திருப்பித் தந்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

"பால்கனியில டைல்ஸ் போட ஆளு வந்திருக்காங்க. இடத்த அடைச்சிட்டு இருந்தது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

நான் நம்பவில்லை. அவர் ஆபீஸ் போனதும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பால்கனியை எட்டிப் பார்த்தேன். ஈர சிமென்ட்டில் புது டைல்ஸ். கொத்தனார், "மிதிச்சிடாதீங்கம்மா" என்று கத்தினார். அத்தனை நிம்மதியாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

சாயங்காலம் டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்து சிரி சிரி என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்கள்லாம் என் ஸ்கூட்டரைப் பாக்கறீங்க, நான் புரதத்தைப் பாக்கறேன். ரெண்டும் ஒரே ஜாதிதாங்க. ஸ்கூட்டர் நகர்ந்தா பெரும்பாலும் மழை. சில சமயம் சர்வீஸ்."

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி போனது, ருசி போனது. அதையெல்லாம்விட, என்னோடு சண்டை போட ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. குடியிருப்பே என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டது. மூணாவது மாடி மாமி தன் பூந்தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் என் கொடித் துணியில் சொட்டும், அதற்காக நாங்கள் வருஷக்கணக்காக வாரம் தவறாமல் சண்டை போட்டு வந்தோம். மாமி தொட்டிகளையே உள்ளே எடுத்துவிட்டார். என் வண்டி நிற்கும் இடத்தில் தன் காரை நிறுத்தி வம்பு செய்கிற இரண்டாவது மாடிக்காரர், "நீங்க எங்க வேணா விட்டுக்கோங்க சிஸ்டர்" என்றார். மோட்டார் ஓடாவிட்டால் ஊரைக் கூட்டுகிற வாட்ச்மேன், "நீ போய் படுக்கா" என்றார். எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா மட்டும்தான், "ஏங்க, குப்பையைப் பிரிச்சுப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று பழைய குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

மார்கழியில் அசோசியேஷன் பொதுக்குழு கூடியது. இன்னும் இரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்கேன். தை பிறக்கப் போகிறது. நாத்தனார் தினம் போன் செய்கிறாள், நான் நாளை சொல்கிறேன் நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டில் அடைந்து கிடப்பதற்குக் கூட்டத்தையாவது பார்க்கலாமே என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி, டீ, சமோசா.

அன்றைக்குப் புது செக்ரட்டரி தேர்வு. எங்கள் அபார்ட்மென்டில் செக்ரட்டரி ஆவது என்றால், மோட்டார் எரிந்தாலும் லிஃப்ட் நின்றாலும் கழிவுநீர் லாரி வராவிட்டாலும் அத்தனை பேரிடமும் வசவு வாங்க இரண்டு வருஷம் எழுதிக் கொடுப்பது. பழைய செக்ரட்டரி மகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்தார், பதவியை விட்டுத் தப்பிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்குப் பெண் பிளஸ் டூ. இரண்டாவது மாடிக்காரர் தனக்கு பி.பி. என்று சொல்லிவிட்டு மூன்றாவது சமோசா எடுத்தார். தலைவர் சார் கெஞ்சிப் பார்த்துக் களைத்துப்போய், "யாராவது ஒரு பேராவது சொல்லுங்கப்பா" என்றார்.

எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத டாக்டரம்மா எழுந்தார்.

"கார்த்திக் அம்மா இருக்காங்களே."

கார்த்திக் அம்மா நான்தான். இரண்டாவது மாடிக்காரர் கடித்த சமோசாவை மெல்லவில்லை.

தலைவர் சார் குரலைத் தாழ்த்தி, "டாக்டர், அவங்க இப்ப ட்ரீட்மென்ட்ல..." என்றார்.

"தெரியும்."

"இல்ல, டெர்ம் வந்து ரெண்டு வருஷம்."

"தெரியுங்க. சும்மா வீட்டுலதானே இருக்காங்க? போன்லயே எல்லாரையும் வேலை வாங்கிடுவாங்க. வாய் இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். "டாக்டர், உங்களுக்கு என் மேல என்ன விரோதம்? மருந்து ஏத்திட்டு வந்து வாந்தி எடுப்பேனா, மோட்டார் ஓட்டுவேனா?"

"ரெண்டும் ஒரே நேரத்துல வராது. வந்தா மோட்டாரை அப்புறம் பாத்துக்கலாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டும்போது பால்கனிகளில் இருந்து பார்க்கிற பார்வை. அந்தக் கூட்டத்தில் என் கழுத்துக் கட்டியின் ஸ்லைடைத் தன் கண்ணால் பார்த்த ஒரே ஆள், இட்லியா தோசையா என்பதற்குக்கூட வாக்குக் கொடுக்காத ஆள், இரண்டு வருஷத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மூணாவது மாடி மாமிதான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு எல்லாக் கையும் தூக்கியாயிற்று. என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சமோசா காரம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் பொழுது விடிந்து காபிகூடக் குடிக்கவில்லை, வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார்.

"இன்னாக்கா, செகரட்ரி ஆய்ட்டியாமே? மோட்டாரு பூட்ச்சி. தொட்டில ஒரு சொட்டு தண்ணி இல்ல. அல்லாரும் என்னிய போட்டு வாட்டி எடுக்குறாங்க. ஒரே பேஜாரு. நீ இன்னா பண்ணப் போற?"

அவருக்குப் பின்னாலேயே இரண்டாவது மாடிக்காரர், சோப்பு நுரை காயாத முகத்தோடு. "ஆபீஸ் போகணும் சிஸ்டர், இதெல்லாம் முன்னாடியே பாக்க மாட்டீங்களா?" அவர் கார் என் இடத்தில் நின்றது. நிமிர்ந்தால் மாமியின் பூந்தொட்டிகள் பால்கனிக்குத் திரும்பியிருந்தன. என் கொடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஆக, தொட்டியில் இல்லாத தண்ணீர் மாமியின் செடிக்கு மட்டும் இருக்கிறது!

நான் மூணாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். மாமி பதிலுக்குக் கத்தினார். தலையில் முடி இல்லை, உடம்பில் தெம்பு இல்லை, கத்திக் கத்தி மூச்சு வாங்கியது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் மறுபடி சேர்க்கப்பட்டுவிட்டேன்.

மோட்டார்க்காரரை வரவழைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டேன். "வைகாசிதான். பொண்ணு பரீட்சையை எழுதட்டும்" என்றேன். "அண்ணி, டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல" என்றேன். உண்மைதானே.

சாயங்காலம் எதிர் ஃபிளாட்டில் மணி அடித்தேன். டாக்டரம்மா கையில் மாவுக் கரண்டியோடு வந்தார்.

"டாக்டர், ரெண்டு வருஷம்னு தெரிஞ்சுதானே என் பேரைச் சொன்னீங்க? அப்ப ரெண்டு வருஷம் நான்..."

கண்ணாடியைக் கழற்றப் போனார். கையில் கரண்டி இருந்தது. அப்படியே நின்றார்.

"சொல்ல முடியாதுங்க. வேற யாரும் ஒத்துக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே கணக்கு வாத்தியார் தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பி என் கதவைத் திறக்கப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கார்த்திக் அம்மா, டைல்ஸ் வேலை முடிஞ்சிடுச்சு. பரண் துடைக்கணும். அந்த ஏணியை மறுபடி கொஞ்சம் கொடுங்க."

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

ஓடிப்போய் ஏணியைத் தூக்கிவந்து கொடுத்தேன். மருந்து ஏற்றிய உடம்புக்கு அது எப்படித் தூக்க வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. புதிதாக முளைத்த குட்டை முடியோடு மணமேடையில் நின்றேன், போட்டோவில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பேன். மருமகள் பரீட்சையில் பாஸ். டாக்டரம்மா பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். சில வருஷம் கழித்து வேலை வசதிக்காக டாக்டரம்மா வீட்டார் நாவலூருக்கு வீடு மாறினார்கள். சாமான் லாரி கிளம்பும்போது மேலே எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் என் ஏணி போய்க்கொண்டிருந்தது.

நான்தான் இன்னும் செக்ரட்டரி. பதவிக்காலம் எத்தனையோ தடவை முடிந்துவிட்டது, வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஸ்கேனுக்குப் போகிறேன். போகிற அன்றைக்குக் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்புகிறேன், வந்ததும் மோட்டார் பிரச்சினையைப் பார்க்கிறேன். ஏணி வேண்டுமென்றால் வாட்ச்மேன் பக்கத்து அபார்ட்மென்டில் போய்க் கடன் கேட்டு வருகிறார், அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தருகிறார்கள். "நாவலூர்ல நம்ம ஏணி சும்மாதான் இருக்கு. கார்த்திக்கை விட்டு எடுத்துட்டு வரச் சொல்லலாமே?" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டால் துடைத்துப் பளபளவென்று கொடுத்து அனுப்பிவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.